சுவரில்லாத வீட்டுக்குச் சாவி

போன ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்று அடிக்கிற மூன்று மணி வெயிலில், முக்கால் மணி நேரம் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். பெரிய காரணமெல்லாம் இல்லை. சாவியை மறந்துவிட்டோம்.

'இதெல்லாம் ஒரு விஷயமா? எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே!' என்பீர்கள். நடக்கிறதுதான். ஆனால் உங்கள் வீடுகளுக்கெல்லாம் சுவர் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை.

கதவு இருக்கிறது. பூட்டு இருக்கிறது. சுவர்தான் இல்லை.

அதற்குள் சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற ரோட்டில், டவுனைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் மனை. இரண்டு பக்கமும் கருவேல முள். பின்னால் ஒரு கிணறு. கிணறு என்றால் தண்ணீர் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஊரில் அந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை. திருச்சுழியில் ஒரு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிற நான், லோன் போட்டு, அஸ்திவாரம் தோண்டி, இரண்டரை அடி உயரத்துக்கு பேஸ்மட்டம் கட்டி, மண்ணை நிரப்பி மேடையாக்கினேன். உள்ளே எது ஹால், எது அடுப்படி என்று தெரிய ஒற்றை வரிசைச் செங்கலும் வைத்தாயிற்று. அடுத்து நல்ல நாள் பார்த்து நிலை வைத்தோம்.

எங்கள் பக்கத்தில் சுவர் எழுப்புவதற்கு முன்னாலேயே வாசல் நிலையை நிறுத்திவிடுவார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு… ஊரே வந்து கும்பிட்டுவிட்டுப் போகும். எங்கள் நிலையும் கிழக்கே பார்த்து, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, ஜம்மென்று நின்றது. முன்னால் மூன்று படி. அன்றைக்குக் கொத்தனார் சோலையப்பன், என் மனைவி தனலட்சுமியிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"தாயி, நிலை வச்சாச்சு. இனிமே இதேன் வாசலு. கண்ட பக்கமெல்லாம் ஏறி எறங்கக் கூடாது. போனாலும் வந்தாலும் நிலை வழியாத்தேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருஷமும் பொய்த்தது. டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர், "குடிக்கவே இல்லாம ஊரு அலையுது, செவுத்துக்கு ஊத்தச் சொல்றீகளே சார்" என்றார். நியாயம்தானே? சிமெண்ட் குழைக்கத் தண்ணீர் இல்லை, கட்டிய கல்லை நனைக்கத் தண்ணீர் இல்லை. சோலையப்பன், "மழை பேஞ்சதும் வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் பக்கம் வேலைக்குப் போனார். மழையும் வரவில்லை. அவரும் வரவில்லை.

ஆனால் ஆசாரி வந்தார்! அவருக்குத்தான் தண்ணீர் தேவையில்லையே. கதவைச் செய்து முடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கதவைச் சும்மா சாத்தி வச்சா கோணிக்கிரும் சார். நிலையிலயே மாட்டிருவோம், அதேன் பாதுகாப்பு."

மாட்டினார். ஆடி மாதக் காற்றில் கதவு நாள் முழுக்க 'டமார் டமார்' என்று அடித்துக்கொண்டது. கீல் பிய்ந்துவிடும் என்று பயந்து நாதாங்கி போட்டு, ஒரு பூட்டும் வாங்கிப் பூட்டினேன். கவனியுங்கள்… பூட்டு வாங்கியது கதவைக் காப்பாற்ற. இதை என் மனைவி இரண்டே வாரத்தில் மறந்துபோனாள். அவளைப் பொறுத்தவரை, வீடு பூட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும், டவுனில் நாங்கள் குடியிருக்கிற வாடகை வீட்டிலிருந்து புளியோதரையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். நான், தனம், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள் கவிதா. போனதும் தனம் படியேறி, பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போவாள். நாங்கள் பின்னாலேயே போவோம். அடுப்படியில் மூன்று கல்லைக் கூட்டிக் காப்பி போடுவாள். கலர் டி.வி. எந்த மூலையில் வைப்பது என்று பேச்சு நடக்கும். ஆன்டெனாவை மாடியில் எந்தப் பக்கம் நடுவது என்று ஒரு நாள் எனக்கும் அவளுக்கும் சண்டையே வந்துவிட்டது. மாடியா? வீட்டுக்கே கூரை இல்லை என்கிறேன், நீங்கள் வேறு!

ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது தாகமெடுத்தால், செங்கலைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் அடுப்படி. வைத்தேன் ஒரு தடவை.

"என்னங்க இது! செவுத்து வழியா வாரீக? வாசல் அங்கிட்டுல இருக்கு!"

திரும்பிப் போய், ஹாலைச் சுற்றி, அடுப்படி வாசல் வழியாக வந்து தண்ணீர் குடித்தேன். மகள் அதற்கும் மேலே. அவள் அறைப் பக்கம் போனால், "அப்பா, கதவைத் தட்டிட்டு வாங்க" என்பாள். வாயாலேயே 'டொக் டொக்' என்று சொல்லிவிட்டுப் போவேன். வேறு எதைத் தட்டுவது?

ஒரு நாள் ஏழெட்டு வெள்ளாடுகள் மேற்குப் பக்கமாக ஏறி, எங்கள் பெட்ரூமில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஆட்டுக்காரர் கம்போடு ஓடிவந்தார். வந்த வழியிலேயே விரட்டிவிட்டால் வேலை முடிந்தது. தனம் விடவில்லை. கதவைத் திறந்து வைத்து, அத்தனை ஆட்டையும் ஹால் வழியாக, நிலை வழியாக, படியில் இறக்கி அனுப்பினாள். ஆட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… அதைச் சொல்லிமாளாது.

இதாவது பரவாயில்லை. திரும்பிப் போகையில் பஸ்ஸில் பாதி வழியில் கையைப் பிடிப்பாள்.

"ஏங்க… வீட்டைப் பூட்டுனோமா?"

"பூட்டினோம்."

"இழுத்துப் பாத்தீகளா?"

இழுத்துப் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்ன அன்றைக்கு, பஸ்ஸை நிறுத்தி இறங்கி, வந்த வழியே நடந்துபோய், நாலு பக்கமும் திறந்து கிடக்கிற வீட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது.

எனக்கு இந்தக் கிறுக்கெல்லாம் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஆபீஸ் போகிறவன், விவரம் தெரிந்தவன். இவர்கள் ஆசைக்கு நானும் தலையாட்டுகிறேன், அவ்வளவுதான் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. அதனால்தான், போன மாதக் கடைசியில் தரகர் சீனிச்சாமி வந்து பேசியபோது சட்டென்று விழுந்துவிட்டேன்.

"சார், நூல் யாவாரம் பண்ற அண்ணாச்சி ஒருத்தரு குடோன் கட்ட எடம் தேடுறாரு. ஒங்க எடத்துக்கு ரெண்டு மடங்கு தாராராம். பொட்டக்காட்டுக்கு இந்த வெலை எவன் கேப்பான்? பேங்க்ல போட்டீகன்னா, வாடகைய வட்டியே கட்டிரும். காலம்பூரா வாடகை வீட்டுல ராசா மாதிரி இருக்கலாம்ல?"

யோசித்தேன். பேசாமல் விற்றுவிட வேண்டியதுதானே? மழை எப்போது பெய்யும், சோலையப்பன் எப்போது வருவார், யாருக்குத் தெரியும்? தனத்திடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவளோ ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"ஒங்க இஷ்டம்."

கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இதைவிடச் சண்டையே மேல்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைக்குப் போனோம். வழக்கத்தைவிட நன்றாகக் கூட்டினாள். படிக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, பெரிதாகக் கோலம் போட்டாள். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைத்தான் தெளித்தாள்.

"விக்கப்போற எடத்துக்கு எதுக்கு தனம் கோலம்?"

"வாங்குறவுக வந்து பாக்கையில அலங்கோலமா கெடந்தா நமக்குத்தான கேவலம்?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் ஆம்பளை இல்லையா… வெயில் என்று சொல்லித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி இடம் பார்க்க வருவதாக ஏற்பாடு. நாங்கள் முன்னாலேயே போய்விட்டோம். வருகிறவருக்குக் கொடுக்க பிளாஸ்க்கில் காப்பி, டம்ளர், முறுக்கு, விரித்து உட்காரப் பாய் எல்லாம் தனம் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். படியேறிப் பையில் கையை விட்டவள் அப்படியே நின்றாள். பையைத் தலைகீழாகக் கொட்டினாள். முறுக்குதான் விழுந்தது.

"ஆத்தாடி! சாவிய அரிசிப் பானை மேல வச்சுட்டு வந்துட்டேங்க!"

இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் சாவியை மறக்காதவள், அன்றைக்கு எப்படி மறந்தாள்? தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

சொல்லிவைத்தாற்போல் அம்பாசிடர் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் அண்ணாச்சி இறங்கினார். ஆள் நல்ல வாட்டசாட்டம். பின்னாலேயே தரகர்.

"என்ன சார், வெளியவே நிக்கிறீக?" என்றார் அண்ணாச்சி.

"சாவியை மறந்துட்டு வந்துட்டோம் அண்ணாச்சி."

அவர் கதவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். கதவுக்கு வலது பக்கம் பார்த்தார், பொட்டல். இடது பக்கம் பார்த்தார், பொட்டல். பிறகு தரகரைப் பார்த்தார். தரகர் வானத்தைப் பார்த்தார்.

"அதனால என்ன, இப்படி ஏறி…" என்று தரகர் ஆரம்பிப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

"பூட்டுன வீட்டுக்குள்ள எப்படிங்க போறது?"

அண்ணாச்சி பெரிய மனுஷர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"சரித்தேன். நம்ம கார்லயே போயி எடுத்துட்டு வந்துருங்கம்மா. டிரைவர் கூட்டிட்டுப் போவாரு."

தனமும் கவிதாவும் காரில் ஏறி டவுனுக்குப் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். அங்கே நிழல் என்று ஒன்று இருந்ததென்றால், அது கதவின் நிழல் மட்டும்தான். மூன்றரை அடி அகலம். அதற்குள் அண்ணாச்சி, தரகர், நான், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக நின்றோம். அண்ணாச்சியின் உடம்புக்கே அந்த நிழல் பற்றவில்லை.

கால் மணி நேரம் போனது. அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சார், நிக்கிற நேரத்துக்குப் பின்னாடி இருக்க கெணத்தையாச்சும் பாத்துருவோமே."

"ரெண்டு பக்கமும் முள்ளு அண்ணாச்சி. செருப்பைக் கிழிச்சுரும்" என்றார் தரகர்.

"அப்ப குறுக்க ஏறிப் போயிருவோம்."

சொல்லிக்கொண்டே அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். முள் தொடங்குகிற இடம் வரை தென்பக்கமாகப் போய் மேடையில் ஒரு கையை ஊன்றினார். ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தார்.

"அண்ணாச்சி! அது பெட்ரூமு!"

கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? தனமா? அவள்தான் காரில் போய்விட்டாளே!

நான்தான்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. "வாசல்னு ஒண்ணு இருக்குல்ல? செவரேறிக் குதிச்சா வாரது? குடும்பம் இருக்க வீடு அண்ணாச்சி!"

ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, அண்ணாச்சி அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் காலை இறக்கினார். அதோடு விட்டாரா? யாரோ சேலை மாற்றுகிற அறைக்குள் தெரியாமல் தலையை நீட்டிவிட்டவர் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்!

"மன்னிச்சுக்கிருங்க சார். தெரியாமப் போச்சு."

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "சார்… நீங்களுமா?"

எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. யார் மேல் கோபம்? பாவம், அந்த மனுஷர் என்ன செய்தார்?

நாங்கள் குடியிருக்கிற வாடகை வீட்டுக்கு நாலு பக்கமும் கெட்டிச் சுவர். அந்த வீட்டுக்குள் வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் நுழைவார். "கொழாய்ல தண்ணி வருதான்னு பாத்தேன்" என்பார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். எங்கள் இலையைத் தாண்டிப் போய்க் குழாயைத் திருகிப் பார்ப்பார். ஆறு வருஷமாக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "வாங்க, உக்காருங்க" என்று சிரித்திருக்கிறேன். இங்கே, இல்லாத சுவரை ஒருவர் தாண்டியதும் ரத்தம் கொதிக்கிறது!

மனைவியும் மகளும்தான் கிறுக்கு என்று நினைத்திருந்தேனே… உண்மையில் இரண்டு வருஷமாக நானும் அங்கேதான் குடியிருக்கிறேன். இது தெரியாமல் விலை பேசியிருக்கிறேன், கூமுட்டை!

எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அண்ணாச்சி தரகர் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, பாலையம்பட்டிப் பக்கம் ஒரு எடம் சொன்னேல்ல, அதைப் பாப்போம்."

"ஏன் அண்ணாச்சி? வெலையில வேணா சாரு கொஞ்சம்…"

"வெலை கெடக்குது. எடம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தே, இங்க பாத்தா வீடுல இருக்கு! ஆளு குடியிருக்காகய்யா. நாளைக்கு நூல் மூட்டைய எறக்குனா, இவுக பெட்ரூமுல அடுக்குற மாதிரியேல எனக்கு இருக்கும்?"

எனக்கு அண்ணாச்சியின் காலில் விழலாமா என்று இருந்தது. விழவில்லை. நிழலில் அதற்கு இடம் இல்லை.

கார் திரும்பி வந்தது. தனத்தின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இங்கே நடந்தது அவளுக்குத் தெரியாதே! கடைசித் தடவையாகத் திறக்கிறோம் என்ற நினைப்பில், பூட்டை முந்தானையால் துடைத்துவிட்டுத் திறந்தாள். கதவைத் தள்ளிவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"வாங்கண்ணாச்சி. உள்ள வாங்க."

அண்ணாச்சி படியில் செருப்பைக் கழற்றினார். நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். ஹாலில் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார். கவிதா அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அவ்வளவு பெரிய சரீரம், ஒவ்வொரு செங்கல் வாசலிலும் ஒருக்களித்து நுழைந்து, நுழைந்து வெளியே வந்தது. கவிதா அறைக்கு முன்னால் நின்று, சொல்லாமலே, 'டொக் டொக்' என்றாரே பார்க்கலாம்! தரகர் மட்டும் வெளியே படியிலேயே உட்கார்ந்து மொத்த முறுக்கையும் தின்று தீர்த்தார்.

கார் போனதும் தனம் கேட்டாள். "என்ன சொன்னாரு? எப்பப் பத்திரம்?"

"அவரு வாங்கலையாம் தனம். நானும் விக்கல."

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாங்கலையாமா? ஏனாம்? நம்ம வீட்டுக்கு என்ன கொறச்சலாம் அவருக்கு? காத்தோட்டம் இல்லையாமா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அவள் முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவள், நான் சொன்னதில் பின்பாதி இப்போதுதான் காதில் ஏறினாற்போல, "நீங்களும் விக்கலையா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியே பாயில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கவிதா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடா, அம்மா சந்தோசமா இருக்கா" என்றேன்.

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். வீட்டுக்கு வந்த எந்த ஆம்பளையும் முதலில் செய்கிற காரியத்தைச் செய்தேன். சட்டையையும் பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரூமுக்குப் போய், கையைக் காலை நீட்டி மல்லாக்கப் படுத்தேன்.

ரோட்டில் போன பஸ்ஸில் ஜன்னலுக்கு நாலு தலை. டிரைவர் வேகத்தைக் குறைத்து வேறு பார்க்கிறார்.

ஏங்க, நீங்களே சொல்லுங்கள்… அடுத்தவர் வீட்டு பெட்ரூமை இப்படியா எட்டிப்பார்ப்பது?